வியாழக்கிழமை வாங்கிய நெத்திலி

எல் பாலோ, மாலகா
பிப்ரவரி 3, 2013

அன்புள்ள அராசெலி அண்ணிக்கு,

உங்கள் முகவரியைத் தர மாட்டேன் என்று உங்கள் சித்தி மகள் ஒரு மாதம் பிகு பண்ணினாள். போன ஞாயிறு கோயில் வாசலில் வழிமறித்து வாங்கிவிட்டேன். கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டீர்கள். பரவாயில்லை, எழுதுவதுதான் எனக்கும் வசதி. பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

இங்கே எல்லோரும் நலம். அண்ணன் டிசம்பரிலிருந்து பேருந்து ஓட்டப் போய்வருகிறார். பதினோராம் எண் தடத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். இளைத்துப்போனார், ஆனால் முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. இனி எதையும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன்கூட, முறையாக உறையவைத்ததாக இருந்தால்.

மார்ச் ஒன்பதாம் தேதி அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. என் வீட்டில்தான் விருந்து, பன்னிரண்டு பேர். என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "வினிகர் நெத்திலி." என் வீட்டுக்காரர் ஹசிந்தோ சிரித்துவிட்டார். "இன்னுமா ஆசை விடல? மிச்சம் இருக்கிற குடலையும் குடுத்துட்டுதான் ஓய்வியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று முறை செய்து பார்த்தேன் அண்ணி. முதல் தடவை மீன் சாம்பல் நிறமாகிவிட்டது. இரண்டாவது தடவை கூழாகிவிட்டது. மூன்றாவது தடவை பூனைகூடச் சாப்பிடவில்லை. நீங்கள் செய்தால் பால் நிறத்தில், பல்லில் பட்டால் ஒரு சின்ன இறுக்கத்தோடு இருக்குமே, அது எப்படி வருகிறது? பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு பீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

எழுதி அனுப்புங்கள். நடந்தது நடந்துவிட்டது. இப்போது இங்கே யாரும் உங்களைக் குறை சொல்வதில்லை.

உங்கள்
த்ரினி

பின்குறிப்பு: அங்கே மழை ஓயவே ஓயாதாமே. கம்பளிக் காலுறை இருக்கிறதா?


சாந்தோன்யா
பிப்ரவரி 14, 2013

த்ரினிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மீனைச் சாம்பல் நிறமாக்கினாய் என்று படித்ததிலிருந்து கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இப்போது யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. நல்லது. எனக்கு மன்னிப்பு வழங்கிய பன்னிரண்டு பேருக்கும் என் நன்றியைச் சொல்.

போன மே இருபதாம் தேதி உன் மகள் நோலியாவின் முதல் நற்கருணை விருந்தில் நான் வைத்த நெத்திலியைச் சாப்பிட்டு நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உன் மாமியாரும் அதில் ஒருத்தி. மூன்று பேருக்குச் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் உன் அண்ணன் ஃபெர்மினை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய் ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். வெள்ளை நூல் மாதிரி ஒரு புழுவைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு என்னிடம் காட்டிய டாக்டர் கேட்டார்: "மீனை உறையவைக்கலியா அம்மா?" ஆறு நாள் வைத்தேன் என்றேன். ஆறு நாள் வைத்திருந்தால் இது செத்திருக்கும் என்றார். நீயும் அங்கே நின்றிருந்தாய்.

எலோயின் பாரில் பதினாறு வருடம் சமைத்தேன். அவன் என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய், "கோவிச்சுக்காத அராசெலி. வர்றவங்க கேக்கறாங்க, இன்னைக்கு யாரு சமையல்னு. கொஞ்ச நாள் வீட்ல இரு" என்றான். கொஞ்ச நாள் முடியவே இல்லை. ரொட்டிக் கடையில் பேச்சு நின்றுபோகும். இதையெல்லாம்விட ஒன்று சொல்கிறேன். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆறு நாள்தானா, தப்பாக எண்ணினேனா என்று நாட்காட்டியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சமைக்கிறவளுக்குத் தன் கை மேல் சந்தேகம் வந்தால் அதற்குப் பிறகு அடுப்படியில் அவளுக்கு என்ன வேலை? அதனால்தான் வடக்கே இந்த மீன் ஆலைக்கு வந்தேன். நாள் முழுக்க, உப்பில் ஊறிய நெத்திலிக்குக் கத்தரிக்கோலால் துடுப்பு நறுக்குகிறேன். யாருக்கும் எதையும் சமைக்க வேண்டியதில்லை.

இனி நீ கேட்டது.

கண் பளபளப்பாக, வயிறு உடையாத மீனாகப் பார். தலையை இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வரும். கத்தி வேண்டாம். கட்டைவிரலை வயிற்றில் வைத்து வால் வரை ஓட்டு. முள் எழுந்துகொள்ளும், பிடித்துத் தூக்கு. இரண்டு பாதியும் வால் பக்கம் ஒட்டியே இருக்கட்டும். பனிக்கட்டியும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவை, தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்று. ரத்தம் போனால்தான் வெளுக்கும். துணியில் ஒற்றி எடுத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வை. அடுப்பில் வேகாத மீன், உறைந்தால்தான் புழு சாகும்; வீட்டு ஃப்ரீசர் என்றால் ஐந்து நாள். நாலரை இல்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக இளக விடு. பிறகு வெள்ளைத் திராட்சை ரச வினிகர், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், உப்பு. நீ பழுப்பு வினிகரை ஊற்றியிருப்பாய், அதுதான் சாம்பல் நிறம். ஏழு மணி நேரம் போதும். நீ ஒரு முழு நாள் போட்டிருப்பாய், அதுதான் கூழ். வடித்துவிட்டு மெல்லிசாக நறுக்கிய பூண்டு, பார்ஸ்லி, மூழ்கும் அளவுக்கு ஆலிவ் எண்ணெய். மறுநாள் எடு.

ஆனால் நீ செய்யாதே. கடையில் வாங்கிவிடு. உன் கைக்கு மீன் ஒத்துவராது. இருபது வருடமாகச் சொல்கிறேன்.

ஃபெர்மினை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். நான் விசாரிக்கவில்லை.

அராசெலி


எல் பாலோ
பிப்ரவரி 25, 2013

அண்ணி,

செய்முறைக்கு நன்றி. மற்றதற்கு நன்றி இல்லை.

என் கைக்கு மீன் ஒத்துவராதா? இதை எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா? என் கல்யாண வாரத்திலேயே என் மாமியாரிடம் சொன்னீர்கள்: "இவளை அடுப்புப் பக்கம் விடாதீங்க, தண்ணியையும் தீய்ச்சிடுவா." அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். நீங்கள் சொன்னால் உங்களுக்கு வேடிக்கை. கேட்கிற எனக்கு அப்படி இல்லை. நீங்கள் சமைக்கிற இடத்தில் நான் எப்போதும் தட்டு துடைக்கிறவள்தான்.

கத்தி வேண்டாம், கட்டைவிரல் போதும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். தெரியும் அண்ணி. நோலியாவின் விருந்துக்கு முன்னால் வியாழக்கிழமை காலை ஒரே மூச்சில் இரண்டு கிலோ நெத்திலியை நானே தனியாகத் தலை கிள்ளி முள் எடுத்திருக்கிறேன். கட்டைவிரல் நகக்கண் ஒரு வாரம் எரிந்தது. எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிற உங்களுக்கே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியிருக்க என் கையைப் பற்றிப் பேசாதீர்கள்.

பிறந்தநாளுக்கு நான் கறியே வைத்துக்கொள்கிறேன்.

கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் கிழித்துவிட்டு வேறு எழுதப்போவதில்லை. தபால்காரர் கீழே நிற்கிறார்.

த்ரினி


சாந்தோன்யா
மார்ச் 4, 2013

த்ரினி,

வியாழக்கிழமை. இரண்டு கிலோ.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலையில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னேன், என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று.

நோலியாவின் விருந்துக்கு நெத்திலி வாங்கியது நான். மே பன்னிரண்டு, சனிக்கிழமை. என் வீட்டு மேசையில் சுத்தம் செய்தது நான். என் ஃப்ரீசரில் ரொட்டி ஒன்றுக்குத்தான் இடம் என்பதால் மூன்று தட்டிலும் மூடி போட்டு உன் வீட்டு ஃப்ரீசரில் வைத்தது நான். பதினெட்டாம் தேதி வெள்ளி மாலை நீ எடுத்துக் கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டு போனேன். கல் மாதிரி இருந்தன. என் தட்டுகள்தான், என் மூடிகள்தான்.

இளகிய பிறகு பார்த்தால் பாதிகள் தனித்தனியாக இருந்தன. நான் வால் பக்கம் பிரிப்பதில்லை. உறைந்து இளகியதில் பிரிந்திருக்கும் என்று நினைத்தேன். அப்போதே என் கை நின்றது, த்ரினி. ஒரு நொடி நின்றது. பிறகு வினிகரை ஊற்றினேன். உன் வீட்டிலிருந்து வந்த தட்டைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ வியாழக்கிழமை சுத்தம் செய்தது எந்த மீன்?
நான் சனிக்கிழமை வைத்த மீன் எங்கே?

அராசெலி


சாந்தோன்யா
மார்ச் 21, 2013

பதினேழு நாள் ஆயிற்று. மீன் எங்கே, த்ரினி?


எல் பாலோ
மார்ச் 27, 2013
புனித வாரம், புதன்

அண்ணி,

உங்கள் மார்ச் நாலாம் தேதிக் கடிதத்தை மாவு டப்பாவில் ஒளித்து வைத்தேன். அடுத்த கடிதத்தைத் தபால்காரர் ஹசிந்தோவின் கையிலேயே கொடுத்துவிட்டார். "என்ன மீனு?" என்று கேட்டார். செய்முறை பற்றி என்று சொன்னேன். பார்த்தீர்களா, பொய் எவ்வளவு லேசாக வருகிறது எனக்கு.

ஹசிந்தோ பவனிக்குப் போயிருக்கிறார், மாதா சுரூபம் தூக்குகிறவர்களில் ஒருவராக. தெருவெல்லாம் கொட்டுச் சத்தம். வீட்டில் நான் மட்டும். எழுதிவிடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஃப்ரீசரில் விரல் கனத்துக்குப் பனி படிந்திருந்தது. விருந்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது, பனிக்கட்டிப் பைகள் வைக்க இடம் வேண்டும். சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உங்கள் தட்டுகளை ஈரத்துணியில் சுற்றி உள்ளேயே கீழே வைத்து, பனியைச் சுரண்டினேன். நடுவில் தையல்காரி நோலியாவின் வெள்ளை உடையைக் கொண்டுவந்தாள். இடுப்பு பெரிதாக இருந்தது, அவளோடு சண்டை. கதவை மூடியவள் கம்பியைத் திரும்பச் செருகவில்லை. புதன் சாயங்காலம் அடுப்படியில் வாடை அடித்தது. திறந்தேன். மூன்று தட்டிலும் மீன் வெதுவெதுப்பான நீரில் மிதந்தது.

எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். "தண்ணியையும் தீய்ச்சிடுவா" என்பது காதில் கேட்டது. வியாழன் காலை சந்தை திறந்ததும் அதே அளவு மீன் வாங்கி, அதே தட்டில் பரப்பி, ஃப்ரீசரை முழு வேகத்தில் வைத்தேன். வெள்ளி மாலை நீங்கள் வந்து தட்டைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, உன் ஃப்ரீசர் நல்லா உறையவைக்குதே" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவும் உண்மைதான், எழுதிவிடுகிறேன். ஒரு நாள் போதாது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் டாக்டர் அந்தக் குப்பியைக் காட்டியபோது நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். நீங்கள் "ஆறு நாள் வச்சேன், சத்தியமா ஆறு நாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். யாரும் நம்பவில்லை. அது உண்மை என்று தெரிந்த ஒருத்தி அங்கே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நான் எழுதிய இவ்வளவும் பாதிப் பொய்.

அண்ணனுக்குத் தெரியும். ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே தெரியும். தையல் பிரித்த அன்று நீங்கள் துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தீர்கள். கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணா. அண்ணி வந்ததும் சொல்லிடறேன்."

"சொல்லாத. உன் மாமியார் ரெண்டு நாள் சாகக் கிடந்தா. ஹசிந்தோவுக்குத் தெரிஞ்சா உன்னை வீட்டைவிட்டு அனுப்பிடுவான். அராசெலி கல்லு மாதிரி, அவ தாங்குவா. நீ தாங்க மாட்ட."

"அண்ணிக்கு வேலை போயிடும்ணா."

"வேற வேலை கிடைக்கும். விடு."

விட்டுவிட்டேன். நிம்மதியாகவே விட்டேன். அவர் சொல்லிவிட்டார், இனி அது அவருடையது என்பது போல. நீங்கள் நவம்பரில் பெட்டியோடு கீழே இறங்கியதை என் சன்னலிலிருந்து பார்த்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

த்ரினி


சாந்தோன்யா
ஏப்ரல் 8, 2013

த்ரினி,

திட்டுவதற்காக நான்கு தாள் எடுத்தேன். நான்கும் வீணாகின.

ஃப்ரீசர் கம்பியை மறந்தாய், அது யாருக்கும் நடக்கும். பயந்து மறைத்தாய், அதில் எனக்கும் பங்கு உண்டு என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். உண்டு. உன்னை அடுப்படியில் நான் மதித்ததில்லை. மீன் கெட்டுப்போனதை என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு உன்னைப் பயமுறுத்தி வைத்திருந்தேன் என்றால் அது என் குணத்தில் உள்ள கோணல். இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குப்பிக்குப் பிறகு நீ பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் உன்னுடையது. அதில் எனக்குப் பங்கில்லை.

நான் எழுத வந்தது ஃபெர்மினைப் பற்றி. அவரோடு இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் என் தட்டைத் தொடவில்லை. உனக்குத் தெரியாது. வெளியில் சொல்ல எனக்கு வெட்கம். உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பு மட்டும் போட்டு வைப்பேன். "வேணாம், வயிறு சரியில்ல" என்று விரலால் தட்டைத் தள்ளுவார். முட்டையை ஓட்டோடு அவித்து வைத்தேன், ஓட்டுக்குள் நான் என்ன செய்துவிட முடியும்? அதையும் தள்ளினார். பிறகு கீழே இறங்கி உன் வீட்டுக்கு வருவார். நீ தட்டு நிறையப் போட்டிருப்பாய், சாப்பிட்டிருப்பார். நான் அவர் கண் முன்னால் கையைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவினேன். முழங்கை வரை தோல் உரிந்தது. பழைய பலகைகள், கிண்ணங்கள், என் அம்மா கொடுத்த மண் தட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போடு, புதுசா வாங்கிக்கலாம்" என்றார்.

ஜூனிலிருந்து நவம்பர் வரை. என் தப்பில்லை என்று தெரிந்துகொண்டே.

அவர் பயந்து தள்ளுகிறார் என்று நினைத்து, பாவம் செத்துப் பிழைத்தவர், நான்தானே அவரை இப்படி ஆக்கினேன் என்று அழுதேன். இப்போது யோசித்துப் பார்த்தால் வேறென்ன செய்வார்? சாப்பிட்டால் என்னை நம்புகிறார் என்று ஆகிவிடும். நம்பினால் ஏன் என்று ஊர் கேட்கும். உன்னைக் காப்பாற்ற அவருக்குத் தினமும் என் தட்டைத் தள்ள வேண்டியிருந்தது.

நான் கல் என்றாரா? சரி.

என்ன செய்யட்டும் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எலோயின் பாருக்குப் போ. கூட்டம் நிறைந்திருக்கும். எழுதியதை எல்லாம் வாயால் சொல். எலோயின் காதில் ரகசியமாக இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி. ஃபெர்மினிடம் முன்கூட்டிக் கேட்காதே. அவர் வேண்டாம் என்பார்.

போகாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

அராசெலி


எல் பாலோ
ஏப்ரல் 22, 2013

அண்ணி,

போனேன்.

முதல் ஞாயிறு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று உள்ளே போனேன். நிற்க இடமில்லை. ஹசிந்தோ நண்பர்களோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் பந்தாட்டம். எலோய் தோளில் துண்டோடு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"எலோய், அந்தப் பெட்டிய நிறுத்து."

"ஆட்டம் போயிட்டிருக்கு த்ரினி, வெறும் கையோட வந்து அதிகாரம் பண்றியா? என்ன குடிக்கற, சொல்லு."

"நிறுத்துடா. அராசெலியைப் பத்திச் சொல்லணும்."

நிறுத்தினான். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. கம்பி, குப்பை, வியாழக்கிழமை, எல்லாம் சொன்னேன். அண்ணனிடம் சொன்னதையும் சொன்னேன். பிறகு மீன் சந்தைக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி ப்ருதென்சியா, எப்போதும் மூலையில் உட்கார்ந்து ஆலிவ் கொறிப்பாளே, அவள்தான் வாய் திறந்தாள்.

"அப்போ அந்தப் பொம்பள சும்மாவா ஊரை விட்டுப் போனா?"

"ஆமா பாட்டி."

"நீ ஒரு வருஷமா ரொட்டிக் கடை வரிசையில என் பின்னாடிதானடி நின்ன. நான் அவளைப் பத்தி வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். நீ தலையாட்டினியே!"

ஆட்டினேன், அண்ணி.

எலோய் துண்டை எடுத்து மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், சுத்தமாக இருந்த மேசையை. "பதினாறு வருஷம் என் அடுப்படியில நின்னவ. என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவகூட நான் அவகிட்ட கேக்கலியே" என்றான். உங்கள் முகவரியைக் கேட்டான், கொடுத்தேன்.

ஹசிந்தோ குவளையை வைத்துவிட்டு வெளியே போனார். நேற்று முதல் என்னோடு பேச்சில்லை. மாமியார் மட்டும் பேசுகிறாள், நிறைய.

அண்ணன் மாலையில் வந்தார். "யாரைக் கேட்டுச் சொன்ன? உனக்காகத்தானே வாய மூடிட்டு இருந்தேன்! இப்ப டிப்போவில என் முகத்தை எங்க வச்சுக்கறது?" என்று கத்தினார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதார். மே நாலாம் தேதி சனிக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறார். ரயில் சீட்டு எடுத்துவிட்டார். சொல்ல வேண்டாம் என்றார். சொல்கிறேன். இனி அவர் சொல்லி நான் எதையும் மறைக்க மாட்டேன்.

என்னை மன்னிப்பீர்களா? கேட்க உரிமை இல்லை. கேட்டுவிட்டேன்.

த்ரினி


சாந்தோன்யா
மே 6, 2013

த்ரினி,

அவர் வந்தார்.

உன் கடிதம் முன்னாலேயே வந்ததால் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. துறைமுகத்தில் ஒரு கிலோ நெத்திலி வாங்கினேன். இங்கே அதே மீனுக்கு வேறு பெயர், ஆனால் முள் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் கட்டைவிரல் ஒரு மீன் வயிற்றில் ஓடியது. முதல் பத்து மீனுக்கு முள் பாதியிலேயே அறுந்தது. பிறகு முழுசாக வந்தது. ஐந்து நாள் முழுதாக உறையவைத்தேன். வியாழன் மாலை வினிகரிலிருந்து எடுத்தபோது பால் போல இருந்தது. வெள்ளியன்று வேலையிடத்துப் பெண்கள் ஆறு பேருக்கு வைத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருத்தி தட்டிலிருந்த எண்ணெயை ரொட்டியால் துடைத்துத் தின்றாள்.

மீதியைச் சனிக்கிழமை ஃபெர்மினுக்கு வைத்தேன்.

பயணக் களைப்போடு உட்கார்ந்தார். அறையைப் பார்த்தார், சின்னதாக இருக்கிறதே என்றார். தட்டையும் ரொட்டியையும் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்தது ஒரு தயக்கம். "உறையவச்சியா?" என்று ஒரு கேள்வி. அது வந்திருந்தால், அவர் கை ஒரு நொடி நின்றிருந்தால், அந்த ஆறு மாதத்தில் கொஞ்சமாவது பயமும் இருந்தது என்று நம்பியிருப்பேன். எனக்கு அந்த ஒரு நொடி போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முள்கரண்டியை எடுத்தார். இரண்டு இரண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு ஒரு கல் கூட. ஆனா இதுதான் ருசி. மாலகாவில ஒருத்தருக்கும் வராது."

"பயமா இல்லியா?"

"எதுக்கு பயம்? உன் கை எனக்குத் தெரியாதா?"

அன்பாகத்தான் சொன்னார். தாடையில் எண்ணெய் வழிந்தது, துடைத்துக்கொண்டார். தட்டைக் காலி செய்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை, த்ரினி.

எழுந்துபோய் அவருடைய மேல்கோட்டை எடுத்து வந்தேன். நாலேகால் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். நடந்து போகலாம், நேரம் சரியாக இருக்கும் என்றேன். ஒரேயடியாக வழியனுப்புகிறேன் என்று பேருந்து நிறுத்தத்தில்தான் அவருக்குப் புரிந்தது.

"நான் யாருக்காகச் செஞ்சேன்? என் தங்கச்சிக்காக. நீயே சொல்லு, வேற என்ன செஞ்சிருக்க முடியும்?"

"ஒரு உருளைக்கிழங்கைச் சாப்பிட்டிருக்கலாம்."

"என்னது?"

"வாயைத் திறக்க வேணாம், யாரையும் காட்டிக் குடுக்க வேணாம். நாலு சுவத்துக்குள்ள, நம்ம மேசையில, நான் வச்ச ஒரே ஒரு உருளைக்கிழங்கைச் சாப்பிட்டிருக்கலாம் ஃபெர்மின். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

பேருந்து வந்தது. ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லி ஏறினார், தொழில் பழக்கம். நான் அது திரும்பும்வரை நிற்கவில்லை.

எலோயும் எழுதியிருந்தான். என் இடம் அப்படியே இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். இடம் இருந்தது, என்ன நடந்தது என்ற கேள்விதான் இல்லை என்று பதில் போட்டேன். இங்கே துறைமுகப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்புக்கு ஆள் கேட்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை போய்ப் பேசப்போகிறேன். என் பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் நடந்ததை நானே சொல்லிவிடுவேன், முழுவதும்.

மன்னிப்பு கேட்டிருந்தாய். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், வராமலும் போகலாம். ஆனால் உன் குடும்பத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னது நீ ஒருத்திதான், அதுவும் இரண்டாவது ஞாயிறு. முதல் ஞாயிறு திரும்பிப் போனதை மறைக்காமல் எழுதினாய் பார், அந்த வரியை நம்பினேன்.

ஹசிந்தோ பேசத் தொடங்கினால் எழுது. பேசாவிட்டாலும் எழுது. உன் கடிதம் வந்தால் பிரிப்பேன்.

ஆனால் இனி அண்ணி என்று எழுதாதே. உன் அண்ணனோடு அது முடிந்தது. பெயரைச் சொல்லியே எழுது.

அராசெலி